வியன்னாவிலிருந்து வந்த படம்

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த அடுத்த கிழமை நடந்தது இது. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில், பின்னேரம் அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு அபாயாவுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மருதமுனையில் மாமி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கீழே, ‘இது உங்கட இவர்தானே?’ என்று மட்டும் இருந்தது.

என் கணவர் ஒஸ்திரியாவில், வியன்னா நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையல் வேலை செய்கிறார். படத்தில் அவர் ஒரு குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுக்க ரத்தம். கையுறை போட்ட ஒருவர் குனிந்து பார்க்கிறார், பின்னால் பொலிஸ். படத்தைப் பெரிதாக்கினேன். இடது புருவத்தில் அவருக்கு இருக்கும் தழும்பு தெரிந்தது.

உடனே அவருக்கு எடுத்தேன். மணி அடித்து நின்றது. திரும்பவும் எடுத்தேன். அங்கே பகல் சாப்பாட்டு நேரம், வேலை முடியும் வரை போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்றாவது தடவையும் எடுத்தேன். முதல் நாள் இரவு அவர் வழக்கம்போல எடுத்துக் கதைக்கவுமில்லை. களைப்பாக்கும் என்று விட்டிருந்தேன்.

படத்தை அனுப்பியவளிடம் கேட்டேன். “எனக்கும் குரூப்பில வந்ததுதான் ராத்தா. எல்லாருக்கிட்டயும் போயிட்டு” என்றாள். அதைச் சொல்லும்போதே அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். யாரோ வாசலில் பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கும் சத்தம் கேட்டது. ஜனாஸாவை இங்கே அனுப்புவார்களா, அங்கேயே அடக்குவார்களா என்று ஒருவர் மெல்லக் கேட்டதும் என் காதில் விழுந்தது. நான் அழவில்லை. அழுதால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

அந்தக் கடையின் பெயரை நெட்டில் தேடி, கிடைத்த நம்பருக்கு எடுத்தேன். ஒரு பெண் எடுத்து ஜெர்மனில் என்னவோ கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்த இங்கிலீஷும் வாயில் வரவில்லை. கணவரின் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நீளமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனை எங்கோ வைத்தார். பீங்கான்கள் முட்டும் சத்தம், தண்ணீர் ஓடும் சத்தம். ஆள் குரல் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமி, என் கணவரின் உம்மா, ஓட்டோவில் வந்து இறங்கினார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

“ஹலோ, உம்மாவுக்கு என்ன? செல்லுங்க, உம்மாவுக்கு என்ன?”

என் கணவரின் குரல். கடைக்கே போன் வந்ததால், ஊரில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பயந்துபோயிருந்தார்.

மாமி போனுக்குப் பக்கத்தில் குனிந்து, “நான் இரிக்கன் மகன். நீ இரிக்கியா?” என்று கேட்டார்.

“ஓம் உம்மா, இரிக்கன். ஏன்?”

நான் படத்தைப் பற்றிச் சொன்னேன். மெதுவாக, “அது நேத்து டிவியில போட்டது புள்ள” என்றார். அங்கே ஒரு துப்பறியும் நகைச்சுவைத் தொடருக்குக் கொலையான சமையல்காரராகக் கிடக்க ஆள் தேடியிருக்கிறார்கள். கடை முதலாளியம்மா இவரை அனுப்பியிருக்கிறார். மௌத்தானவர் மாதிரி நடித்ததற்கு உம்மா ஏசுவார் என்று எங்களிடம் மறைத்துவிட்டார். கூட இருக்கும் நண்பர், ‘நம்ம ஆள் இப்ப நடிகர்’ என்று எழுதி டிவித் திரையைப் படமெடுத்து ஊருக்கு அனுப்ப, கைமாறிக் கைமாறி வந்ததில் எழுத்து விடுபட்டு, படம் மட்டும் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

போனை எடுத்த அந்தப் பெண்தான் முதலாளியம்மா. விஷயம் அறிந்ததும், கடை நிறைய ஆட்கள் இருக்க, இவரை வெளியே கூட்டிப்போய்த் தன் போனிலேயே வீடியோ கோல் எடுத்துத் தந்தார். மகனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் மாமிக்குக் காட்டினார். மாமி தமிழில் துஆ செய்தார், அவர் ஜெர்மனில் என்னவோ சொன்னார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு ஒரு நாள் அந்தத் தொடரைக் கணவர் அனுப்பிவைத்தார். மாமியும் நானும் போனில் பார்த்தோம். பொலிஸ்காரர்கள் சறுக்கி விழுகிறார்கள், என்னென்னவோ கூத்தடிக்கிறார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் கிடக்கும் இடம் வந்ததும் மாமி என் கையைப் பிடித்தார். “வகுத்தப் பாரு, மூச்சு விர்றான்” என்றார். வயிறு ஏறி இறங்கும் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

இப்போதும் அவர் அங்கிருந்து எடுத்தால், சலாம் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் நான் ஒன்றும் கேட்பதில்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது காதில் விழுந்த பிறகுதான் எனக்குக் கதைக்க வருகிறது.