செல்வியின் வலிப்பும் செல்வியின் கோபமும்

என் தங்கை செல்விக்கு வரும் வலிப்பும் அவளுக்கு வரும் கோபமும் ஒரே நோயா, இரண்டு நோயா? மூன்று வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். டாக்டர்களிடம் கேட்டேன். அவளிடமே கேட்டேன். இன்னும் தெரியவில்லை. இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அம்மா இறந்த பிறகு செல்வியை ராயகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு, என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். அவளுக்கு அப்போது பதினேழு வயது. என் மகள் கோமதி கைக்குழந்தை. என் கணவர் தாலுகா ஆபீசில் கிளார்க். எங்களோடு அத்தையும் (என் மாமியார்) இருக்கிறார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடுகிறது; சத்தமாகப் பேசித்தான் எல்லோருக்கும் பழக்கம். அதனால் செல்வி சத்தம் போடத் தொடங்கியபோது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

முதல் அறிகுறி ஒரு வாசனை. அடுப்பே பற்றவைக்காத நேரத்தில், "அக்கா, பால் தீயுது" என்பாள். பிறகு எங்கோ வெறிப்பாள். எதையோ மெல்லுவதுபோல உதடு அசையும். விரல்கள் பாவாடை ஓரத்தைப் பிய்க்கும். சற்று நேரத்தில் சரியாகிவிடும்; கேட்டால், "நான் எங்க வெறிச்சேன்?" என்பாள். ஒருநாள் குடத்தோடு அப்படியே விழுந்து, கை கால் வெட்டி இழுத்தது.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் ஒருவர் மூளை மின்வரைவு (தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடுகளாக எடுப்பது) பார்த்தார். நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் தொடங்கும் வலிப்பு என்றார். பினோபார்பிடோன் (வெகுகாலமாகக் கொடுக்கப்படும் வலிப்பு மாத்திரை) எழுதித் தந்தார். மாத்திரையும் கொடுத்தோம், கோயில் புற்றுமண்ணும் பூசினோம்.

விழுவது குறைந்தது. கோபம் கூடியது. நான் கடைக்குப் போய்வரச் சற்று நேரமானாலும், "என்னைத் தள்ளிவிடப் பாக்க" என்று அழுவாள். அத்தையின் காலைப் பிடித்துவிட்டு, "நீங்கதான் எங்கம்மா" என்பாள். மறுநாளே, "உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்பாள். ஒருமுறை உடைந்த வளையலால் தன் கையையே கீறிக்கொண்டாள்.

அத்தை லேசில் அசையமாட்டார். "நேத்து நான் அம்மன், இன்னைக்கு அரக்கி. நாளைக்கு என்ன வேசம்னு காலையிலயே சொல்லிரு, மக்கா. அதுக்குத் தக்கன சேலை கட்டிக்கிடுதேன்" என்பார். அழுதுகொண்டிருந்த செல்வி சிரித்துவிடுவாள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது சோதனையாகவே ஆகிவிட்டது. செல்வி நிலைமாறினால் அத்தை சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்பார். பிடித்துக்கொண்டால் வலிப்பு, தண்ணீர் தெளித்து, விசிறி, மடியில் கிடத்துவோம். எறிந்துவிட்டால் திமிர், பேசாமல் விட்டுவிடுவோம். படித்தவள் நான், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எதற்கு எப்படி நடந்துகொள்வது என்று எங்களுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணம். குழந்தையோடு நானும் அவரும் கிளம்பினோம். செல்வி வாசலை மறித்தாள்.

"போனா வரமாட்டே. எனக்குத் தெரியும்."

"சாயங்காலம் வந்திருவேன்டி."

"பொய் சொல்லுத. நீயும் அம்மா மாதிரிதான்."

கத்தத் தொடங்கினாள். அத்தை சாவிக்கொத்தைக் கையில் வைத்தார். அவள் எறிந்த வேகத்தில் அது பித்தளைக் குடத்தில் பட்டு விழுந்தது.

"எறிஞ்சிட்டாள்லா, திமிருதான். நீ போ, பஸ் போயிரும்" என்றார் அத்தை.

நான் படி இறங்கினேன். அப்போது அவள் குரல் பாதி வார்த்தையில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். உதடு மென்றுகொண்டிருந்தது. விரல்கள் தாவணியைப் பிய்த்தன. அடுத்து விழுந்தாள். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு ஓடிப் போய் அவள் தலையைத் தாங்கினேன். நினைவு திரும்பியதும் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ இன்னும் போகலியா அக்கா? குடத்தை யாரு நெளிச்சா?"

வாசலை மறித்தது அவளுக்கு நினைவிருந்தது. சாவியை எறிந்தது நினைவில்லை. அப்படியானால் எறிந்தது கோபமா, வலிப்பா? அத்தை நெளிந்த குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இனிமே இதை வச்சு அவளைப் பாக்கண்டாம்" என்றார்.

மதுரைக்குப் போனோம். அங்கே மனநல டாக்டர் ஒருவர் செல்வியைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். பிறகு என்னையும் அழைத்தார்.

"கோபத்துல பேசினதெல்லாம் நினைவிருக்குமா?" என்று அவளிடம் கேட்டார்.

"எல்லாம் இருக்கும் டாக்டர். ஒண்ணு விடாம இருக்கும். அதான் கஷ்டம்" என்றாள் செல்வி.

அதுவரை அவள் கஷ்டம் என்று அதை நான் நினைத்ததே இல்லை.

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (கைவிட்டுவிடுவார்களோ என்ற ஓயாத பயம், நிலையில்லாத அன்பும் வெறுப்பும், தன்னையே வருத்திக்கொள்வது) இருக்கலாம் என்றார் டாக்டர். புதிதாகப் பேசப்படும் பெயர், அவசரப்பட்டு ஒட்டக்கூடாது என்றும் சொன்னார். இது வலிப்பால் வந்ததா என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்கும்மா. சொந்தக்காரங்களா, வெறும் பக்கத்துப் போர்ஷனான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. பழைய மாத்திரையும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும்."

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி கார்பமாசெபினுக்கு (வலிப்போடு மனக்கொந்தளிப்பையும் சிலருக்குத் தணிக்கும் மருந்து) கொண்டுவந்தார்கள். எதையும் திடீரென நிறுத்தக்கூடாது. விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கையிலும் வாயிலும் ஒன்றும் திணிக்கக்கூடாது. எது வந்தாலும் பக்கத்தில் இருக்கவேண்டும். வெளியே போனால் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு, சொன்னபடி வரவேண்டும். "தென்காசி வண்டி வர்றதுக்குள்ள வந்திருவேன்" என்று சொல்லிப் போவேன். ரயில் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடுவேன். தெருவில் சிரிப்பார்கள்.

செல்வி விழுந்து பல மாதங்களாகின்றன. கோபம் வருகிறது, முன்புபோல நாள்கணக்கில் இருப்பதில்லை. போன வாரம் அத்தையிடம் கத்திவிட்டுக் குளிக்கப் போனவள், வந்து, "ரொம்பப் பேசிட்டனா அத்தை?" என்றாள். "பாதிதான் கேட்டுச்சு. தறிச் சத்தம்" என்றார் அத்தை.

மாறாமல் இருப்பது என் உடம்புதான். சோறு வடிக்கும்போதும் என் காது அடுத்த அறையில் இருக்கிறது. அவள் பேச்சு நின்றால் என் மூச்சும் நிற்கிறது. அவள் அடுத்த வார்த்தையைச் சொன்னதும்தான் எனக்கு நேரம் மறுபடி நகர்கிறது. கோமதி தவழ்ந்ததும் நடந்ததும் எந்த மாதம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் கோமதி பால்வாடிக்குப் போகிறாள். வழியில் பஸ் போகும் ரோட்டைத் தாண்டவேண்டும். "நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா" என்கிறாள் செல்வி. "சித்திகூடத்தான் போவேன்" என்கிறது குழந்தை. அனுப்பினால் ரோட்டின் நடுவில் பால் தீயும் வாசனை வந்துவிடுமோ என்று பயம். மறுத்தால் அவளை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். கைவிட்டுவிடுவோமோ என்ற அவள் பயத்துக்கு அதைவிட வேறு தீனி வேண்டாம். நானும் கூடவே போகலாம்தான். "எனக்குக் காவலா, பிள்ளைக்குக் காவலா?" என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன்?

"உங்கள் தீர்மானம்" என்கிறார் டாக்டர். என் கணவரும் அப்படியே சொல்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தங்கையோ மகளோ இருந்து, குழந்தையை அவர்கள் கையில் கொடுத்திருந்தால், எப்போது, எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். கொடுக்காமல் இருந்துவிட்டவர்களும் எழுதுங்கள். அவளிடம் அதை எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.