உர்சுல் சாகப் பயந்த வருஷங்கள்

எங்கள் மலையூரில் உர்சுலுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தபோது அவளுக்கு வயது அறுபத்தொன்று. மாப்பிள்ளை ரெஜிஸுக்குப் பத்தொன்பது.

உர்சுல் புருஷனை எப்போதோ இழந்தவள். மூத்த மகனை ஸ்பெயினுக்கும் இளையவனை ருஷ்யாவுக்கும் பேரரசர் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் திரும்பவில்லை. ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்றில், பட்டாளத்துக்கு இன்னும் ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. கல்யாணமானவர்களை மட்டும் விட்டுவிடுவார்களாம். அன்று மாலையே ரெஜிஸின் அம்மா தெல்பீன் வந்து உர்சுலின் காலடியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, என் பையனைக் கட்டிக்கங்க.”

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவன் அந்தப் பொண்ணு மார்செலின் பின்னாடியில்ல சுத்துறான்!”

“அவளுக்குப் பதினாலுதான் ஆகுது, சட்டத்துல இடமில்ல. மத்த பொண்ணுங்களை எல்லாம் வளைச்சுப் போட்டுட்டாங்க. நீங்கதான் மிச்சம்.”

பாதிரியார் மறுத்துவிட்டார். மேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டே முடித்துவைத்தார்.

மறுவாரம், கல்யாணம் நிஜம்தானா என்று பார்க்கக் குதிரைக் காவலர் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“கட்டில் ஒண்ணுதானா?”

“இந்தக் குளிருக்கு ஒண்ணு பத்தாதா? உங்க வீட்டுல எத்தனை?” என்றாள் உர்சுல்.

காவலர் சிரித்தார். வாசலில் நின்று திரும்பினார். “உடம்பைப் பாத்துக்க, கெழவி. நீ போய்ட்டா உன் புருஷன் மறுநாளே எங்க கூட வந்துருவான்.”

குதிரையின் சத்தம் அடங்கியதும் உர்சுல் கதவைத் தாழிட்டாள். அன்றிலிருந்து உறைந்த பாதையில் கால் வைக்கவே பயந்தாள். காட்டுக்குக் கஷ்கொட்டை பொறுக்கப் போவதை விட்டாள். ஜனவரியில் காய்ச்சல் கண்டது. தெருவில் யார் நடந்தாலும் போர்வையை வாயில் திணித்து இருமலை அடக்கினாள். தெல்பீன் சூப் கொண்டுவந்து ஊட்டினாள், ஓயாமல் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

“கொஞ்சம் தூங்குங்களேன்” என்றான் ரெஜிஸ்.

“தூக்கத்துல மூச்சு நின்னுட்டா உன்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்கடா.”

அவள் பிழைத்தாள். ஏப்ரலில் பேரரசர் முடி துறந்தார்; அவரை ஒரு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். கோவில் கோபுரத்தில் அவருக்குப் பதில் வந்த ராஜாவின் வெள்ளைக் கொடி ஏறியது. பட்டாளத்துக்குப் பயந்து காட்டில் ஒளிந்திருந்த பையன்கள் தாடியும் மீசையுமாக இறங்கி வந்தார்கள். தெல்பீன் நேராக மேயரிடம் போய்க் கல்யாணத்தை ரத்து செய்யச் சொன்னாள். மனைவிக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டால், இருவரும் ஒத்துக்கொண்டாலும் பிரிய முடியாது என்று சொல்லிவிட்டார் அவர்.

அடுத்த குளிர்காலம் தொடங்கியதும் தெல்பீன் மறுபடி சூப் கொண்டுவரத் தொடங்கினாள். ஒருநாள் அதில் காளான் மிதந்தது. “இந்தக் குளிர் தாங்குவீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உர்சுல் அந்தச் சூப்பைக் கொல்லையில் ஊற்றினாள். கோழிகள் கொத்தித் தின்றன. அன்று முழுக்க அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சாகவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் வந்ததையும் ஊற்றினாள்.

ரெஜிஸ் அதைப் பார்த்துவிட்டான். அடுத்த கிண்ணம் வந்ததும் பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினான்.

“நான் எப்படா போவேன்னு பாத்துட்டிருக்கியா?” என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உர்சுல் மிச்சத்தைக் குடித்தாள். அதன் பிறகு இருவரும் ஒரே கிண்ணத்தில்தான் சாப்பிட்டார்கள்.

மார்ச்சில் பேரரசர் தீவிலிருந்து தப்பி வந்துவிட்டார் என்று சேதி வந்தது. தெல்பீன் நெஞ்சில் தடவ வாத்துக் கொழுப்பும் கம்பளியுமாக ஓடிவந்தாள்.

“அக்கா, நல்லாத்தானே இருக்கீங்க?”

“இருக்கேன்டி. இனிமே காளான் மட்டும் போடாத.”

அந்தக் கோடையில் பேரரசர் மறுபடி தோற்றார். இந்த முறை அவரை எங்கோ நடுக்கடல் தீவில் வைத்தார்கள். உர்சுல் அதன் பிறகு ஐந்து குளிர்காலம் இருந்தாள். ஆறாவதில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. ரெஜிஸ் உறைந்த மண்ணில் தானே குழி வெட்டினான். வெட்டும்போது அழுதான்.

மார்செலின் அதுவரை காத்திருந்தாள். துக்கம் முடியட்டும் என்றார் பாதிரியார். தெல்பீன் கேட்கவில்லை.

“தீவுல அந்த ஆளு இன்னும் உயிரோடதானே சாமி இருக்காரு? திரும்பி வந்தா என்ன பண்றது? என் பையன் இப்ப பொண்டாட்டி இல்லாம நிக்கிறான்.”

பனி உருகும் முன்பே கல்யாணம் நடந்தது.