ஏலக்காய் மணக்கும் இசைத்தட்டுகள்

மருமகள் ஏலக்காய் டப்பாவைத் திறந்தால், போனில் ஓடும் பாட்டை நிறுத்திவிடுகிறேன். என் சிறுவயதில், சாந்தன்பாறை ஏலக்காய் எஸ்டேட்டில் அப்பா கிளார்க். மழைக்காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் மூடுபனி நுழைந்து, ஞானப்பாட்டு, நாகஸ்வரம், கஜல், பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ஜாஸ் என்று பேதம் பாராமல் எல்லா இசைத்தட்டு உறையிலும் பூஞ்சணம் பூக்கும். ஈரமான துணி, செருப்பு, பைபிள் எதுவானாலும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வைப்பது எங்கள் வழக்கம். நான் இசைத்தட்டுகளையும் வைத்தேன். சூட்டில் அவை அப்பளம்போல் நெளிந்துவிட்டன.

"எவம்லே வச்சது?" என்றார் அப்பா. பயத்தில் நான் ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் அந்தோணியண்ணனைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டு, "நாந்தான் சார், தெரியாம வச்சிட்டேன்" என்றார்.

ஞாயிறு மாலைகளில் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு வரவே இல்லை. அப்பா நெளிந்த தட்டுகளையே போட்டு, "பூப்பாறை மலைரோட்டு ஜீப்பு மாதிரி குரல் ஏறி எறங்குதுலே" என்று சிரிப்பார். அப்போதும் நான் சொல்லவில்லை.

இன்று அதே ஆல்பங்கள் போனில் இருக்கின்றன. எதையும் முழுதாகக் கேட்க முடிவதில்லை. குரல் தள்ளாட வேண்டிய இடத்தை நேராகக் கடக்கும். நான் வாசற்படியைப் பார்ப்பேன். அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன்.