மாத்தி வச்ச ஃபைல்

என்னுடைய முதல் ஸ்மார்ட்போனை நான் பேசுவதற்குப் பயன்படுத்தியது குறைவு. பேசினால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். திரையை விரலால் தொட்டால் கேட்காது, நகத்தால் அழுத்த வேண்டும். ஆனால் அதற்குள் ஒரு மெமரி கார்டு இருந்தது. கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினால், சார்ஜ் மட்டும் போதுமா, இல்லை ஃபைல் ஏற்ற வேண்டுமா என்று கேட்கும். ஏற்ற வேண்டும் என்று அழுத்தினால் இன்னொரு டிரைவாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் கழக்கூட்டத்தில் என் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் நடுவே அது வருஷக்கணக்கில் சுமை தூக்கியது.

பென் டிரைவ் அப்போதும் இருந்தது. ஆபீஸில் அதைச் செருகினால் வைரஸ் வரும் என்று முகம் சுளிப்பார்கள். போனைச் செருகினால், பாவம், சார்ஜ் போடுகிறான் என்று விட்டுவிடுவார்கள். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது. என் மனைவி அந்த போனுக்கு சஞ்சி என்று பெயர் வைத்திருந்தாள். இந்த ஊரில் துணிப்பைக்கு அப்படித்தான் சொல்வார்கள். "உங்க சஞ்சியிலே எடம் உண்டா? எனக்கு ஒரு சாதனம் ஏத்தணும்" என்பாள். சாதனம் என்றால் இங்கே சாமான் என்று அர்த்தம்.

அவள் கரமனை அக்ரஹாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நான் திருநெல்வேலிக்காரன், வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, கல்யாணத்துக்குப் பிறகு அவள் தெருவுக்கே குடிவந்தவன். அவள் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை, வீட்டுக்கு வந்த வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு தானாகவே கற்றுக்கொண்டாள். என்னைவிட வேகமாக வாசிப்பாள். ஆனால் வாய் திறந்தால் பாதி மலையாளம் வரும். அதை நான் சும்மா விட்டதே இல்லை. கோபம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவள் தேஷ்யம் என்பாள். எந்த தேசத்துக்குப் போகிறாய் என்று கேட்பேன். ஞாபகத்துக்கு அவள் ஓர்மை என்பாள். நான் அகராதியைத் தேடுவதுபோல் நடிப்பேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"எங்க தமிழுக்கு என்ன கொறச்சல்? உங்க ஊர்லேர்ந்து வந்ததுதானே. இங்கே வந்து கொஞ்சம் வெயில் கொறஞ்சுது, அவ்வளவுதான்" என்பாள். இருவரும் சிரிப்போம். அவள் உண்மையிலேயே சிரித்தாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

நாகர்கோவிலில் ஒரு சிறிய பதிப்பாளர் ஒரு மலையாள நாவலை மொழிபெயர்க்க அவளிடம் கொடுத்தார். அட்டையில் அவள் பெயர் வரும் என்றார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. தமிழ் படிக்காமலேயே தமிழில் ஒரு புத்தகம் கொண்டுவரப்போகிறோம் என்பது அவளுக்குச் சாதாரண விஷயமில்லை. சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து வரும்போதெல்லாம் அவள் பேச்சைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை செய்யும் விதம் இப்படி. முதல் தடவை ஓட்டமாக எழுதிவிடுவாள். சரியான தமிழ்ச் சொல் கைக்கு வரவில்லையென்றால் மலையாளச் சொல்லையே தமிழ் எழுத்தில் அடித்துவிட்டு மேலே போய்விடுவாள். நின்றால் கதையும் நின்றுவிடும் என்பாள். அந்த முதல் பிரதியை நான் போனில் ஏற்றிக்கொண்டுபோய், ஆபீஸ் பிரிண்டரில் யாரும் பார்க்காத நேரத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தேன். அந்தத் தாள்களில் அவள் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துத் திருத்தி, பிறகு கம்ப்யூட்டரில் அடித்தாள். மழைக்காலம் முழுக்க அந்த வேலைதான். "மதின்னா உங்க தமிழ்லே நிலாவா, புத்தியா?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள். மலையாளத்தில் மதி என்றால் போதும். நாவலில் ஒரு பெண் சோறு போட வருகிறாள், சாப்பிடுகிறவன் மதி என்கிறான். அதை 'போதும்' என்று மாற்றிவிட்டு, இவ்வளவு சின்ன வார்த்தைக்குள் ஒரு ஆளையே கவிழ்க்கிற குழி இருக்கிறதே என்று ஆச்சரியப்படுவாள்.

பதிப்பாளர் அவசரப்பட்டார். புத்தகக் கண்காட்சி நெருங்கிவிட்டது. மெய்ப்புப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை, நீங்களே திருத்தி முடித்து அனுப்பினால் அப்படியே அச்சுக்குப் போய்விடும் என்றார். எங்கள் வீட்டில் அப்போது இன்டர்நெட் கிடையாது. ஆபீஸிலிருந்து நான்தான் மெயில் அனுப்ப வேண்டும்.

அன்று காலை நான் ஷூ மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து நின்றிருந்தேன். கம்பெனி வண்டி வரும் நேரம். சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலாக அவள் கத்திச் சொன்னாள்:

"திருத்தினது மாத்தி வச்சிருக்கேன், கேட்டேளா? அதை எடுத்துண்டு போங்கோ!"

"சரி" என்றேன்.

எனக்குத் தெரிந்த தமிழில் மாற்றி வைப்பது என்றால், பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பது. பல்பு மாற்றுகிற மாதிரி. ஆகவே வழக்கமான ஃபோல்டரில் பழைய ஃபைலை நீக்கிவிட்டுத் திருத்தியதை வைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவளுடைய தமிழில் மாற்றி வைப்பது என்றால் தனியாக எடுத்து வைப்பது. சாப்பிட வராதவருக்குச் சோறு மாற்றி வைக்கிற மாதிரி. திருத்திய பிரதி அவள் பெயரிட்ட வேறொரு ஃபோல்டரில் பத்திரமாக, தனியாக இருந்தது. வழக்கமான ஃபோல்டரில் கிடந்தது அந்த முதல் ஓட்டப் பிரதி.

நான் அதைத்தான் இழுத்து போனில் போட்டேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. இதே பெயரில் ஒரு ஃபைல் போனில் ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கேட்டது. பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோன பழைய பிரதி, நான் அழிக்காமல் விட்டிருந்தேன். இரண்டின் அளவும் தேதியும் கீழே வரிசையாகக் காட்டியது. இரண்டும் ஒரே அளவு. இரண்டும் ஒரே தேதி. மழைக்காலத்துக்கு முந்தின தேதி. அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. வண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'யெஸ்' அழுத்திவிட்டு ஓடினேன்.

ஆபீஸில் திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். திறந்தேன். பிரிண்ட் எடுப்பதற்காக நான் போட்டிருந்த, பதிப்பாளர் கொடுத்த தமிழ் எழுத்துருவை அதற்குள் ஆபீஸில் நீக்கிவிட்டிருந்ததால், பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தன. எழுத்துரு இல்லையென்றால் அப்படித்தான் தெரியும் என்பதால் மூடிவிட்டு அனுப்பினேன். மத்தியானம் அவள் போன் செய்தாள்.

"அனுப்பியாச்சா?"

"ஆச்சு."

"ஹாவூ!" என்று பெருமூச்சு விட்டாள். சாயங்காலம் பால் பாயசம் வைத்திருந்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

புத்தகங்கள் பார்சலில் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். அட்டையில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நடுவில் எங்கேயோ திறந்து படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள், இன்னொரு இடத்தில் திறந்தாள். என்ன என்று கேட்டேன். புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கத்தில் ஒருவன் சாப்பாட்டுக்கு நடுவே 'மதி, மதி' என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றே எல்லாம் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டு இரண்டு ஃபோல்டரையும் பார்த்தோம். அந்தப் பெட்டி காட்டிய தேதியைப் பற்றியும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நான்தானே மாத்தி வச்சேன்னு சொன்னேன். வேற மாதிரி சொல்லியிருக்கணும்" என்றாள்.

"நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் பாக்காம அமுக்கிட்டேன்."

"சாரமில்லே" என்றாள். போகட்டும், ஒன்றுமில்லை என்று அர்த்தம். கரமனையில் பால் பொங்கி வழிந்தாலும் அதுதான், ஆள் விழுந்து எழுந்தாலும் அதுதான்.

பதிப்பாளர் வருத்தப்பட்டார், ஆனால் பிரதிகள் கண்காட்சிக்குப் போய்விட்டன. இரண்டாம் பதிப்பில் சரிசெய்துவிடலாம் என்றார். அந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வரவில்லை. ஒரு பத்திரிகையில் மதிப்புரை வந்தது. இந்த நாவலில் பாத்திரங்கள் சோற்றுக்கு நடுவே நிலாவைக் கூப்பிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு மலையாளம் தெரிந்திருக்கலாம், தமிழ் தெரியவில்லை. முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வரட்டும் என்று மதிப்புரைக்காரர் எழுதியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த வேடிக்கை எல்லாம் வீட்டில் நான் செய்துகொண்டிருந்த வேடிக்கைதான். வேறொருவர் அச்சில் செய்திருந்தார், அதற்கான ஃபைலை நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தை அவள் முழுக்கப் படித்தாள். மடித்து மேசையில் வைத்தாள். நான் என்னவோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"பரவாயில்லை" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. முதலில் அது எனக்கு உறைக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் போயின. ஓர்மை போய் ஞாபகம் வந்தது. தேஷ்யம் போய் கோபம் வந்தது. 'கேட்டேளா' எப்போது நின்றது என்றே தெரியவில்லை. "சாதத்தைத் தனியாக எடுத்து வச்சிருக்கேன். சமையலறையில், மூடி போட்டு" என்று, வழி தெரியாதவருக்குச் சொல்வதுபோல் சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், நீ பழைய மாதிரியே பேசு என்று கெஞ்சினேன்.

"எதுக்கு? உங்களுக்குப் புரியணுமே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து அதே பதிப்பாளர் இன்னொரு நாவலோடு வீட்டுக்கே வந்தார். இப்போது கேபிளும் வேண்டாம், கார்டும் வேண்டாம், நினைத்த மாத்திரத்தில் ஃபைல் போய்ச் சேர்ந்துவிடும், பயமே இல்லை என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து அசட்டுத்தனமாகப் பேசினேன். அவள் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, "எனக்குத் தமிழ் போறாது" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், கல்யாணமாகிக் கொல்லத்தில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் இருவரும் போனில் பேசுவார்கள். சென்ற மாதம் ஒருநாள் நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டேன். கேட்டைத் தள்ளும்போதே உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. சரளமாக, சத்தமாக, தமிழும் மலையாளமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழ, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் என்னிடம் பேசிய அதே பேச்சு. அது செத்துப்போயிருக்கவில்லை. என்னிடம்தான் இல்லை. சந்தோஷமாக உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி அக்கா, அவர் வந்துவிட்டார், பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிட்டாள்.

இப்போதெல்லாம் உள்ளே அவள் பேச்சுக் கேட்டால் நான் கேட்டைத் திறப்பதில்லை. நேற்று அப்படி வெளியே நின்றுகொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர், "எந்தா, சாவி மறந்துட்டேளா? பெல் அடிக்கப்படாதோ?" என்று கேட்டார்.

அடிக்கலாம், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.