அம்மா படித்த நாற்பது சொற்கள்

என் அம்மா பிச்சையம்மாள் பிறந்தது கெடா மாநிலத்தில், திகாம் பத்துவுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். பிள்ளை பிறந்ததைப் போய்ப் பதிய வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தோன்றவில்லை. விடிவதற்குள் பால் வெட்டப் போகிறவர்களுக்குப் பிறப்புப் பத்திரமாவது, ஒன்றாவது! அந்த அலட்சியத்தை அம்மாதான் ஆயுள் முழுக்கச் சுமந்தாள். அவளுக்குப் பின் பிறந்த தம்பியைப் பதிந்துவிட்டார்கள், அவனுக்கு நீல அடையாள அட்டை, இவளுக்குச் சிவப்பு. இங்கேயே இருந்துகொள்ளலாம், வேலை செய்யலாம், சாகலாம், ஆனால் குடிமகள் இல்லை.

தேர்தல் நாளில் எங்கள் தெருவே விரலில் மையோடு திரும்பி வரும். அம்மா அன்றைக்கு வாசல் பக்கம் தலைகாட்ட மாட்டாள். துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்துக்கொண்டிருப்பாள். கண்ணை மூடுவதற்குள் நீல அட்டையைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

தோட்டம் கைமாறிய பிறகு பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். கேண்டீனை நடத்தியவர் சைதூன், யான் என்ற ஊரிலிருந்து வரும் மலாய்ப் பெண்மணி. இரண்டு பேரும் பத்தொன்பது வருடம் ஒரே குழாயடியில் நின்றார்கள். சைதூனின் மருமகள் சண்டை, அம்மாவின் முழங்கால் வலி, என் அப்பா செத்த துக்கம் எல்லாம் கெடா மலாயில்தான் ஓடும். 'நீ' என்பதற்கு அந்தப் பேச்சில் 'ஹங்'. அம்மா 'ஹங், ஹங்' என்று சைதூனை வாய் ஓயாமல் திட்டுவாள். சைதூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

குடியுரிமைக்கு எழுதிப் போட்டால் நேர்காணல் வைப்பார்கள், மலாய் பேச வருகிறதா என்று பார்ப்பார்கள். அம்மா துளியும் பயப்படவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்குத் தன் தம்பி மகன் வயதுதான் இருக்கும் என்று தோன்றியதாம். உட்கார்ந்ததும், "ஹங் டா மக்கான் கா?" என்று கேட்டுவிட்டாள். நீ சாப்பிட்டியாய்யா என்று வாய் நிறையப் பாசத்தோடு கேட்டதுதான். அவர் முகம் சுருங்கிவிட்டது. முறையான மலாய் படித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

"நான் பேசுறது சந்தை மலாயாம்டி ஷாமளா. ஆபீஸ் மலாய் சொல்லிக் குடு" என்று என்னிடம் வந்து நின்றாள்.

நான் அப்போது நான்காம் படிவம், பதினாறு வயது. மலாய்ப் பாடத்துக்கு ஒரு நாவல் வைத்திருந்தார்கள். பழைய காலத்து அரண்மனைக் கதை. ராஜா வருவார், வேலையாட்கள் காலில் விழுவார்கள், கடைசியில் யாரோ யாரையோ குத்திவிடுவார்கள். அதிலிருந்து நாற்பது சொற்களைப் பொறுக்கிப் பொருள் எழுதி வரச் சொல்லியிருந்தார் ஆசிரியை. நான் கதையைப் படிக்கவே இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த சொற்பொருளைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அம்மா விடாமல் நச்சரித்தாள். எனக்கோ கைப்பேசியை விட்டு நிமிர மனமில்லை. நாற்பது சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே பொருளையும் எழுதி நீட்டிவிட்டேன்.

"இதுல பேசுனா ஆபீசரே எழுந்து நின்னுருவாரும்மா."

"நான்னு சொல்ல என்னடி?"

"ஹம்பா. ரொம்ப மரியாத."

"குடியிருக்கேன்னு சொல்ல?"

"பெர்செமாயாம்."

பொய் சொல்லவில்லை, இரண்டும் பட்டியலில் இருந்தவைதான். ஹம்பா என்றால் அடிமை. கதையில் வேலையாட்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். பெர்செமாயாம் ராஜாவுக்கு மட்டுமே உரிய சொல், அவர் வீற்றிருப்பதைச் சொல்வது. எந்தச் சொல் யார் வாயிலிருந்து வர வேண்டும் என்பதை நான் எழுதவில்லை. எழுதச் சோம்பல், அவ்வளவுதான்.

ஏழு மாதம் படித்தாள். தட்டில் நுரை தேய்க்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். என்ன மந்திரம் ஜெபிக்கிறாய் என்று சைதூன் கேட்டதற்கு, நீல அட்டையோடு வந்து சொல்கிறேன் என்றாளாம். சொல்லித் தொலைத்திருந்தால் சைதூன் அன்றைக்கே திருத்தியிருப்பார்.

இரண்டாம் நேர்காணலுக்கு நானும் போனேன். இந்த முறை ஓர் இளம்பெண், நல்ல மாதிரி. சிரித்த முகத்தோடு பெயரைக் கேட்டார்.

"நாமா ஹம்பா பிச்சையம்மாள்" என்றாள் அம்மா, முதுகை நிமிர்த்திக்கொண்டு.

அந்தப் பெண் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். வீடு எங்கே என்று கேட்டார்.

"ஹம்பா பெர்செமாயாம் டி திகாம் பத்து."

அடிமையாகிய நான் திகாம் பத்துவில் கொலுவீற்றிருக்கிறேன். அந்தப் பெண் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். மறைத்து என்ன ஆகப்போகிறது, பெற்ற மகள் நானும்தான் சிரித்தேன். அம்மா அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

சாதாரணமாகப் பேசுங்கள், வீட்டில் பேசுவது போலப் பேசினால் போதும் என்று அந்தப் பெண் பாவம் கெஞ்சினார். சாதாரணமாகப் பேசித்தானே முதல் முறை திரும்பி வந்தாள்? எத்தனை பிள்ளைகள், இன்று என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மா மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 'டுக்காசித்தா' என்று தொடங்கியது, வருத்தத்தோடு தெரிவிக்கிறோம் என்று. நான் அந்த ஒரு சொல்லைத்தான் வாசித்திருப்பேன்.

"துக்கம்தானே? தெரியும். மேல படிக்காத" என்றாள்.

இன்னொரு தடவை போகலாம், இந்த முறை ஒழுங்காகச் சொல்லித் தருகிறேன் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "போதும்டி. அடிமையாவும் இருந்தாச்சு, ராசாவாவும் இருந்தாச்சு" என்று சொல்லிவிட்டாள்.

அட்டை போனதோடு விட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். குழாயடியில் அம்மாவின் வாய் நின்றுவிட்டது. சைதூன் எது கேட்டாலும் தலையாட்டல்தான். உன் அம்மாவுக்கு நான் என்ன செய்தேன் என்று சைதூன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் முழங்கால் வலி என்றேன். எவ்வளவு கேவலமான பதில் என்று சொல்லும்போதே தெரிந்தது. அடுத்த வருடம் அம்மா வேலையிலிருந்தே நின்றுவிட்டாள்.

போன வருடம் சைதூனின் கணவர் ஈசா காலமானார். அம்மாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு யானுக்குப் போனேன். வாசலில் அம்மாவைக் கண்டதும் சைதூன் ஓடிவந்து கட்டிக்கொண்டு கதறினார்.

"சக்காப்லா, பிச்சை" என்றார். ஏதாவது பேசு என்று கேட்டார். இரண்டு முறை, மூன்று முறை கேட்டார்.

அம்மாவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. வந்திருந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, சைதூன் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில், வயல் சாலையில், அம்மா பின்னாலிருந்து கேட்டாள். "அழாதன்னு சொல்ல என்னடி?"

"தொக்சா தெரியாக். ஒனக்குத் தெரியாதாம்மா? அவங்ககிட்ட எத்தன தடவ சொல்லியிருக்க!"

"அது தப்புடி. தெரியாக்னா கத்துறதுன்னு நீதான எழுதிக் குடுத்த. புருசன் செத்துக் கெடக்குறவகிட்டப் போயிக் கத்தாதன்னா சொல்ல முடியும்?"

நான் எழுதியது சரிதான். புத்தக மலாயில் தெரியாக் என்றால் கத்துவது. கெடாவில் அழுவது. சைதூன் பிறந்ததிலிருந்து அழுதது எல்லாம் கெடாவில்தான். இதை அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே வண்டியை ஓரம் கட்டினேன்.

"இப்ப திரும்பிப் போலாம்மா. அத மட்டும் சொல்லிட்டு வந்துருவோம்."

"வேணாம், ஓட்டு" என்றாள். "எனக்குத்தான் மலாய் தெரியாதே."