கிரிக்கெட் வராத பெட்டி

காலை ஏழு இருபது. மாத்தளையில் நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது முன் இருக்கைப் பையனின் கைபேசி. அதில் கிரிக்கெட். பெருவிரலாலேயே பந்து போட்டு, பெருவிரலாலேயே அடித்துக்கொண்டிருந்தான். அலுவிகாரை தாண்டும்வரை எட்டிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்துக் கைபேசியைத் திருப்பிக்கொண்டான். இந்த வயதில் எனக்கு இது தேவைதான்.

அந்த ஓர் ஆட்டத்துக்காகத்தான் ஒரு காலத்தில் ராஜு காத்துக்கிடந்தார்.

எல்கடுவத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். கட்டாரில் லொறி ஓட்டிவிட்டு, யுத்தம் முடியாதிருந்த இரண்டாயிரமாம் ஆண்டுவாக்கில் திரும்பி வந்து, மாத்தளையில் கராம்பு வாங்கும் கடையொன்றின் பின்னறையில் வீடியோ கேம் கடை போட்டார். பக்கத்துத் தொலைபேசி நிலையத்திலிருந்துதான் நான் கொழும்புப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவேன். லைன் கிடைக்காதபோது ராஜுவின் கடையில் போய் உட்காருவேன். சூடேறிய பிளாஸ்டிக்கும் கராம்பும் கலந்த வாசனை. இன்றும் கராம்பு போட்ட சோற்றைச் சாப்பிட்டால் எனக்குக் கார்ப் பந்தயம் ஞாபகம் வருகிறது. வீட்டில் இதைச் சொல்வதில்லை.

இருப்பதிலேயே படம் தெளிவான கேம் பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். மற்றக் கடைகளில் இருந்த வேறு கம்பெனிப் பெட்டிக்குக் கிரிக்கெட் கேம் உண்டு. இவருடையதற்கு இல்லை. பையன்கள் வாசலில் நின்றபடியே கேட்பார்கள்.

"அண்ணே, கிரிக்கெட் வந்துருச்சா?"

"அடுத்த மாசம்டா."

"போன மாசமும் அதத்தானே சொன்னீங்க!"

ஒருமுறை திருத்துவதற்குக் கொண்டுபோன பெட்டியைச் சோதனைச் சாவடியில் கழற்றச் சொன்னார்கள். வயரும் தமிழ்ப் பெயரும் சேர்ந்தால் அந்த நாட்களில் வேறென்ன நடக்கும்? ராஜு சிங்களத்தில் விளக்கினார். எல்லாம் கேட்ட ஆமிக்காரர், கிரிக்கெட் இருக்கிறதா என்றாராம்.

"அவருக்கும் இல்லன்னுதான் சொல்ல வேண்டியதாப் போச்சு, சேர்."

அவருடைய சின்ன மகள் அவரை "வெளிநாட்டு அப்பா" என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தாள். அந்த 'வெளிநாட்டு' மெல்ல உதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. மனைவி சாந்தி பகல் சாப்பாடு கொண்டுவரும்போது என் முன்னாலேயே சொன்னாள்: "கட மூடுனாலும் பரவால்லங்க. மறுபடி கட்டார்னு சொன்னீங்க, நான் புள்ளயத் தூக்கிட்டு லயத்துக்கே போயிருவேன்."

கேம் சஞ்சிகை ஒன்று கொழும்பிலிருந்து பழசாகி வரும். ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்வேன். அன்று வந்ததில், கேம் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் ராஜு வாங்கிய அந்தப் பெட்டிக்கு இனி எதுவும் செய்யப்போவதில்லை என்று இருந்தது.

"ஏன் சேர்?"

"பெட்டி விக்கலையாம்."

"கேம் வந்தாத்தானே பெட்டி விக்கும்?"

"பெட்டி வித்தாத்தான் கேம் செய்வாங்களாம்."

"அப்ப எங்க தோட்டத்து பஸ் மாதிரி. ஆளில்லன்னு பஸ்ஸ நிப்பாட்டுனாங்க. பஸ் இல்லன்னு சனம் நடந்தே போயிருச்சு."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் எழுந்து தொலைக்காட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். ஆட யாரும் இல்லை. பெட்டிகளை விற்கவும் பார்த்தார். கேம் வராத பெட்டியை யார் வாங்குவது?

இப்போது அந்த இடத்தில் மாடிக் கட்டடம். கராம்புக் கடை இல்லை, தொலைபேசி நிலையம் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை. கடையை மூடிவிட்டு, அடுத்து வந்த தைப்பொங்கலுக்கு மறுநாள் ராஜு மறுபடி கட்டாருக்குப் போனார். அதே வாரம் சாந்தி மகளைக் கூட்டிக்கொண்டு எல்கடுவ லயத்துக்குப் போய்விட்டாள்.