ரெஜிலா சிஸ்டரும் ஒரு பழைய லேப்டாப்பும்

எதையும் தொடுவதற்கு முன் ரெஜிலா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். மீன்காரி கூடையை இறக்கியதும் நாங்கள் எல்லாரும் செவுளைப் பிளந்து பார்க்கக் கை நீட்டுவோம். இவள் மட்டும் குனிந்து ஒவ்வொரு மீனின் கண்ணையும் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"எம்மா, அது உனக்குக் கண்ணடிக்கவா போவுது?" என்று மீன்காரி சத்தம் போடுவாள்.

ரெஜிலா நிமிர மாட்டாள். "இருங்க, பாக்கட்டு. தொட்டுட்டா பொறவு யாரும் பாக்க மாட்டாவ."

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. மார்த்தாண்டம் சந்தைக்கு நாங்கள் சேர்ந்துதான் போவோம். அவளோடு போனால் பஸ்ஸைத் தவற விட வேண்டியதுதான். வழியில் யாரைப் பார்த்தாலும் "சொகமா இருக்கியளா?" என்று கேட்பாள். நாமும்தான் கேட்கிறோம், பதில் வருமுன்னே நடையைக் கட்டிவிடுகிறோம். இவள் நின்று பதிலை வாங்கிக்கொண்டுதான் நகர்வாள். முட்டுவலி என்றால் எந்த முட்டு, ஏறும்போதா இறங்கும்போதா என்று அடுத்த கேள்வி வரும். அவள் வீட்டு ஊறுகாய்ப் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, போட்ட தேதியும் நேரமும் எழுதியிருக்கும். கேஸ் சிலிண்டரிலும் அப்படித்தான். எனக்கு ஊறுகாய் தந்தபோது, "எத்தர மணிக்குப் போட்டன்னு தெரிஞ்சாத்தான் ருசிக்குமாட்டி?" என்று கேட்டிருக்கிறேன். சிரித்தாள். அடுத்த பாட்டிலிலும் எழுதித்தான் தந்தாள்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கல்யாணமான கொஞ்ச வருஷத்தில் மாமியார் பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். ரெஜிலா வேலையை விட்டாள். அந்த அம்மா பத்து வருஷத்துக்கு மேல் கட்டிலோடு கிடந்தார். போன வருஷம் இறந்தபோது குளிப்பாட்டப் போனவர்களில் நானும் ஒருத்தி. முதுகைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு படுக்கைப் புண் கிடையாது. குழந்தையின் முதுகு மாதிரி இருந்தது.

இந்தப் பத்து வருஷத்தைத்தான் வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் "கேப்" என்றான். "பத்து வருசம் கேப் இருக்கே சிஸ்டர்."

"கேப்பா? ஒரு நாளு நான் லீவு எடுக்கல்ல சாரே" என்றாளாம் இவள்.

நாலைந்து ஆஸ்பத்திரிகள் அந்தக் கேப்பைக் காட்டியே வேண்டாம் என்றுவிட்டன. கடைசியாக மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். இவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. போனில் பேசக் கூடாது, கம்ப்யூட்டரில் முகம் தெரிய வேண்டும், பதினொரு மணிக்கு இணைப்பில் இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்பது அவர்கள் சட்டம். இது போனால் வீட்டில் உட்கார்ந்து பாட்டிலில் நேரம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதற்காக ஒரு லேப்டாப் வாங்கினாள். மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முருகதாஸ் கழித்துப் போட்டது. அம்மிக்கல் கனம். பேட்டரி எப்போதோ போய்விட்டது, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். எங்கள் வீட்டில் மகள் தன் லேப்டாப்பைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன பிறகு வைஃபை மோடம் மட்டும் சுவரில் மினுங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் இன்டர்வியூ நாள் காலையில் லேப்டாப்பைப் பிள்ளையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்ல காட்டன் சேலை, இறுக்கிப் போட்ட கொண்டை. நான் நைட்டியில் நின்றேன்.

லேப்டாப்பில் எங்கள் வைஃபை தெரியவில்லை. எங்களுடையது மட்டுமல்ல, யாருடையதுமே தெரியவில்லை. ஆபீசுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் நின்று, இருக்கிற பொத்தானையெல்லாம் அமுக்கினார். அணைத்தார், போட்டார், மறுபடியும் அணைத்தார். திரையில் ஏதோ எழுதி வந்ததை வாசிக்காமலே மூடினார்.

"இது செத்தாச்சு. சவத்தத் தூக்கி ஆக்கர்கடைக்காரன் வந்தா எடைக்குப் போட்டிரு" என்றார்.

ரெஜிலா சட்டென்று விரலை வாயில் வைத்தாள். "பக்கத்துல நின்னு அப்பிடிச் சொல்லப்பிடாதுண்ணே. சாவக் கெடக்க ஆளுக்குக் காதுதான் கடைசியில போவும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

எனக்கு வெப்ராளமும் பதற்றமும் தாங்கவில்லை. "ஏட்டி, கடையில கொண்டு காட்டுவோமா? ஆட்டோவ விளிக்கட்டா?" என்று நான் அங்கேயும் இங்கேயும் நடக்கிறேன். இவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். லேப்டாப்பைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள், ஓரங்களைப் பார்த்தாள், அதன் காற்று வருகிற ஓட்டையில் காதை வைத்துக் கேட்டாள். நான் இவளை ஓங்கி ஒன்று போடலாமா என்று இருந்தேன். பிறகு போனை எடுத்து முருகதாஸுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, ரெஜிலாவாக்கும். இந்த லேப்டாப்பு கடைசியா எப்பம் வைஃபை புடிச்சுது?"

"வைஃபையா? அது நெட்டு வயருலல்லா ஓடிச்சு மக்கா. வைஃபையில நான் ஓட்டினதே இல்ல. ஐப்பசி மழையில இடி விழுந்து, அந்த வயரு குத்துத எடம் கரிஞ்சு போச்சு. அதுக்குத்தான நான் புதுசு எடுத்தேன்?"

"அதுக்கு முன்ன கீழ ஏதும் விழுந்துச்சா? தண்ணி ஊத்திச்சா?"

"என்னட்டி, ஆசுபத்திரியில கேக்க மாதிரி கேக்க?"

"அப்பிடித்தான் கேக்கணும். சொல்லுங்க."

"ஒருக்க சாயா கொட்டிச்சு. கீபோர்டு மாத்தினேன். வேற ஒரு கேடும் இல்ல. வருசாவருசம் ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சு, மால போட்டு, ராசா மாதிரியாக்கும் வச்சிருந்தேன்."

"பொட்டு எங்கன வச்சிய?"

"முன்னால ஓரத்துல. மேல வச்சா அழுக்காவும்லா?"

ரெஜிலா குனிந்தாள். லேப்டாப்பின் முன் விளிம்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள். எல்லாம் வெள்ளை. ஒன்று மட்டும் ஆரஞ்சு. அதன் பக்கத்தில் காய்ந்த சேறு போல் ஒரு திட்டு. சந்தனமும் குங்குமமும். ஒரு வருஷத்துப் பொட்டின் மேல் அடுத்த வருஷத்துப் பொட்டாக மனிதர் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"அண்ணே, இந்தப் பொட்ட எடுக்கலாமா?"

"இப்ப ஒனக்க சாமானம்தான அது? என்னட்ட எதுக்குக் கேக்க?"

"ஒங்க சாமிக்கு வச்சதுல்லா. சர்ச்சுக்குப் போற ஆளு நான் கேக்காம எடுக்கப்பிடாது."

"எடுத்துக்க மக்கா. இங்க புதுசுக்கு வச்சாச்சு. நீ ஒனக்க ஏசுவிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எடு" என்றார் முருகதாஸ்.

நான் அடுக்களையிலிருந்து கத்தியைக் கொண்டுவந்தேன். ரெஜிலா என் கையிலிருந்து அதை வாங்கி எட்டி வைத்துவிட்டாள்.

"புண்ண யாராவது கத்திய வச்சுச் சொரண்டுவாவளாக்கா? ஊறணும்."

தன் வீட்டுக்குப் போய்ப் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து வந்தாள். வயரைப் பிடுங்கி லேப்டாப்பை அணைத்தாள். பஞ்சை நனைத்து, பிழிந்து, அந்தத் திட்டின் மேல் வைத்து, விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் கடிகாரத்தையே பார்த்தேன். அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பஞ்சை எடுத்தபோது சிவப்பு வந்தது. அடுத்த பஞ்சில் மஞ்சள். அடுத்ததில் மறுபடி சிவப்பு. உள்ளிருந்து வெளியே துடைத்தாள், ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பஞ்சு. எந்த இடத்திலும் அழுத்தவில்லை. "பைய, பைய. இப்ப முடிஞ்சிரும் மக்கா" என்று அந்த அம்மிக்கல்லிடம் சொன்னாள். சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பதமாக என்னை என் அம்மாகூடத் துடைத்ததில்லை.

கடைசியில் அடியில் நகக்கண் அளவு ஒரு கட்டை தெரிந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிற சின்ன சுவிட்ச். வைஃபையை நிறுத்தவும் போடவும் பழைய லேப்டாப்பில் இப்படி ஒன்று இருக்குமாம். யாரோ எப்போதோ நிறுத்தி வைத்ததை, முருகதாஸ் வருஷா வருஷம் பொட்டு வைத்துப் பூசி மெழுகியிருக்கிறார். ரெஜிலா ஸ்பிரிட் காயும்வரை காத்திருந்தாள். பிறகு வயரைச் செருகி, லேப்டாப்பைப் போட்டு, நகத்தால் கட்டையைத் தள்ளினாள். ஆரஞ்சு விளக்கு இரண்டு தடவை துடித்து நீலமானது.

திரையில் எங்கள் தெருக்காரர்களின் வைஃபை பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. எங்களுடையதை அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்டது. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "இங்கன ஆளு நிக்காவ, உரக்கச் சொல்ல முடியாது" என்று ராணுவ ரகசியம் போல் குசுகுசுத்தார். கேட்டால், அவருடைய ஸ்கூட்டர் நம்பர். தெருவில் போகிற நாய்க்கும் தெரிந்த நம்பர்.

இணைந்தது. நான் கையைத் தட்டினேன். இன்டர்வியூ பக்கத்தைத் திறந்தால், இந்த இடம் பாதுகாப்பில்லை என்று சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணி பத்தரை தாண்டியாயிற்று.

ரெஜிலா மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு திரையை மூலைக்கு மூலை பார்த்தாள். வலது பக்கக் கீழ் மூலையில் நின்றாள்.

"எக்கா, இதுக்கு இன்னைக்கு எந்த வருசம்னு தெரியல்ல."

பார்த்தேன். தேதி 2009 என்று இருந்தது. என் மகள் பாவாடையில் ஒண்ணுக்குப் போன வருஷம்.

"மயக்கம் தெளிஞ்சு முழிக்க ஆளுட்ட நாங்க மொதல்ல இதத்தான் கேப்போம். இன்னைக்கு என்ன கெழம, எந்த வருசம்னு. தெரியல்லன்னா இன்னும் தெளியல்லன்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே தேதியை மாற்றினாள். நேரத்தையும் மாற்றினாள், நிமிஷம் உட்பட. பக்கத்தை மறுபடி திறந்தாள். சிவப்பு போய்விட்டது. தேதி தப்பாக இருந்தால் அது இப்படித்தான் தடுக்குமாம். அவள் முகமே சின்னக் கட்டத்துக்குள் வந்து எங்களைப் பார்த்தது.

"கொள்ளாம், தெளிஞ்சிட்டு" என்றாள். அவ்வளவுதான். முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

பதினொரு மணிக்கு நான் அடுக்களைக்குள் பதுங்கிச் சாளை மீனை வெட்டிக் கழுவ ஆரம்பித்தேன். கதவு இடுக்கில் திரை தெரிந்தது. டை கட்டிய ஓர் ஆள், பக்கத்தில் நரைத்த தலையோடு ஓர் அம்மா. இங்கிலீஷில் கேட்டார்கள். பாதி எனக்குப் புரிந்தது. இவள் நிதானமாகப் பதில் சொன்னாள். டை கட்டியவர் அந்தப் பத்து வருஷத்துக்கு வந்து சேர்ந்தார். மாமியாரைப் பற்றிச் சொன்னாள், படுக்கைப் புண் வராததைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. இத்தனை வருஷத்தில் கை மறந்திருக்குமே என்றார். கத்தி என் கையில்தான் இருந்தது. ஆள் மஸ்கட்டில் இருந்ததால் தப்பித்தார்.

அந்த அம்மா குறுக்கிட்டு, வீட்டில் வேறு யாராவது இருந்தால் நாடி பிடித்து, நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணிக் காட்டச் சொன்னார்.

"எக்கா, இங்கன வாங்க."

"ஏட்டி, நைட்டியோட நிக்கேன். கையெல்லாம் மீனு."

"வாங்கக்கா."

வந்தேன். தன் நாற்காலியில் என்னை உட்கார்த்தினாள். செதில் ஒட்டிய என் கையை மேசையில் மலர்த்தி வைத்து, மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்தாள். திரையில் என் பரட்டைத் தலை எனக்கே தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க" என்றாள். என் வீட்டில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் விரலுக்கடியில் என் ரத்தம் தட்டுவது எனக்கே கேட்பது போலிருந்தது.

கொஞ்ச நேரம் போனது. டை கட்டியவர் கையை ஆட்டினார். "போதும் சிஸ்டர், புரிந்துவிட்டது, அடுத்த கேள்விக்குப் போகலாம்" என்றார் இங்கிலீஷில்.

ரெஜிலா அவர் பக்கம் திரும்பவில்லை. என் மணிக்கட்டை விடவுமில்லை. கண் எங்கள் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளில் இருந்தது, உதடு எண்ணிக்கொண்டிருந்தது. மறு கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையைத் திரைக்கு நேராக விரித்தாள். அவர் வாயை மூடினார். நரைத்த தலை அம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். முள் ஒரு சுற்று முடித்து வரும்வரை அந்தக் கை இறங்கவில்லை.